பொய் வலி என்று எழுதும் கை

அமெரிக்கக் கூட்டரசின் மருத்துவமனை விதிகளில், அவசர சிகிச்சை பற்றிய பகுதியில், பிரசவத்துக்கு ஒரு வரையறை இருக்கிறது. அதைத் தமிழில் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: பிரசவம் அதன் ஆரம்பக் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது, நஞ்சு வெளியேறும்வரை நீள்கிறது. வயிறு இறுகி இறுகி விடுகிற பெண் மெய்யான பிரசவத்தில்தான் இருக்கிறார்; தகுந்த நேரம் கவனித்துப் பார்த்த மருத்துவரோ தகுதி பெற்ற பேறுகாலச் செவிலியரோ, இது பொய் வலி என்று சான்று எழுதினால் ஒழிய.

நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள், சட்டம் படித்தவள் அல்ல. ஒரு வாக்கியத்தில் யார் எழுவாய், யார் செயப்படுபொருள், ‘ஒழிய’ என்ற சொல் எங்கே வந்து உட்கார்கிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த வாக்கியம் இரண்டாக உடைகிறது. முதல் பாதி பெண்ணின் பக்கம் நிற்கிறது. வலிக்கிறது என்று வந்தவளுடைய வலி மெய் என்றே வைத்துக்கொள்ளப்படுகிறது. அதை அவள் நிரூபிக்க வேண்டியதில்லை. இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். உலகத்தில் பெண்ணின் சொல்லுக்கு இப்படி ஓர் இடம் கொடுத்த விதிகள் அதிகமில்லை. இரண்டாவது பாதியில் பேனா வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. அந்தப் பேனா எழுதி முடித்த பிறகு அவள் ஏதாவது சொல்ல விரும்பினால் அதற்கு இடமில்லை.

இந்த விதி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1980களில் அமெரிக்காவில், கையில் காசோ காப்பீடோ இல்லாத நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் அரசு மருத்துவமனைகளின் வாசலில் கொண்டுபோய்த் தள்ளிக்கொண்டிருந்தன. சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனைக்கு அப்படி அனுப்பப்பட்ட 467 பேரைப் பற்றி மருத்துவர்கள் ஒரு ஆய்வு செய்து 1986இல் வெளியிட்டார்கள். அவர்களில் 89 சதவீதம் பேர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 87 சதவீதம் பேரை அனுப்பியதற்குச் சொல்லப்பட்ட காரணம் காப்பீடு இல்லை என்பது. இடம் மாற்றுவதற்கு எழுத்தில் ஒப்புதல் தந்திருந்தவர்கள் 6 சதவீதம். மீதிப் பேரை யாரும் கேட்டு எழுதி வாங்கவில்லை என்றுதான் இந்தக் கடைசி எண்ணைப் படிக்க வேண்டும்.

அதே 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சுருக்கப் பெயர் எம்டாலா. அரசின் மெடிகேர் பணத்தைப் பெறுகிற, அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள எந்த மருத்துவமனையும், வந்தவரிடம் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதிக்க வேண்டும். ஆபத்து நிலையில் இருந்தால் நிலைப்படுத்தாமல் வெளியே அனுப்பக் கூடாது. சட்டத்தின் முழுப் பெயரிலேயே அவசர சிகிச்சையோடு பிரசவமும் தனியாகப் பெயர் சொல்லி நிற்கிறது. வாசலில் தள்ளப்பட்டவர்களில் பிரசவ வலியோடு வந்த பெண்கள் எத்தனை கண்ணுக்குத் தெரிந்தவர்களாக இருந்திருந்தால் சட்டத்தின் பெயரிலேயே ஏறியிருப்பார்கள்!

சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களில், 1986 டிசம்பர் 5 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் விக்டோரியா என்ற ஊரில் ஒரு பெண் மருத்துவமனைக்கு வந்தார். ஆறாவது பிள்ளை. நிறைமாதம், வலி எடுத்துவிட்டது. இரத்த அழுத்தம் 210/130. இது எவ்வளவு பயங்கரமான எண் என்று வீட்டில் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கே தெரியும். காப்பீடு இல்லை; அந்தக் கர்ப்பத்தில் ஒரு முறைகூட மருத்துவரைப் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கு முறைப்படி அழைக்கப்பட்ட மருத்துவர் பர்டிட், இந்தப் பெண்ணைத் தான் பார்க்க விரும்பவில்லை என்றார். 170 மைல் தள்ளியிருந்த கால்வெஸ்டன் அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். புதிய சட்டம் இதைத் தடுக்கிறது என்று செவிலியர்கள் சட்டத்தின் விவரக் குறிப்பையே அவர் கையில் கொடுத்தார்கள். அவர் படிக்கவில்லை. படிவத்தில் கையெழுத்திட்டார்.

ஆம்புலன்ஸ் சுமார் 40 மைல் போனபோது குழந்தை பிறந்துவிட்டது. உடன் போன செவிலியர்தான் பிரசவம் பார்த்தார். மருந்துக்காக வழியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நிறுத்தி, அங்கிருந்து மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். கால்வெஸ்டனுக்கே போகும்படி உத்தரவு வந்தது. தாய் திரும்பிப் போக விரும்பினார். செவிலியர் அவர் சொன்னபடி வண்டியைத் திருப்பச் செய்தார். திரும்பி வந்தவரைப் பார்க்க பர்டிட் மறுத்தார். சொன்ன இடத்துக்குப் போகவில்லை என்பது காரணம். நிலையாக இருந்தால், இரத்தப்போக்கு அதிகமில்லை என்றால், டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள் என்றார். கடைசியில் இன்னொரு மருத்துவர் பொறுப்பேற்றுக்கொண்டார். மூன்று நாள் கழித்துத் தாய் நலமாக வீடு போனார். பர்டிட்டுக்கு 20,000 டாலர் அபராதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் அதை உறுதிசெய்தது.

இந்தத் தீர்ப்பை நான் ஒரு கதையைப் படிப்பதுபோலத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அதில் அந்தப் பெண் பேசுகிற இடம் மிகக் குறைவு. அவருடைய இரத்த அழுத்தம் பேசுகிறது, கருப்பை வாய் பேசுகிறது, நிபுணர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். அவர் என்ன விரும்பினார் என்பது ஒரே ஒரு இடத்தில், பாதி வாக்கியத்தில் வருகிறது: நடுவழியில், பிள்ளை பெற்ற உடம்போடு, திரும்பிப் போக வேண்டும் என்று சொன்ன இடத்தில். ஒரு செவிலியர் அதைக் கேட்டு நடந்துகொண்டதும் அங்கேதான்.

சட்டம் பிறகு திருந்தியது. முதலில் ‘தீவிரமான பிரசவ வலி’ என்றிருந்த சொல்லை 1989இல் எடுத்துவிட்டார்கள். வயிறு இறுகும் கர்ப்பிணி என்றாலே போதும், பாதுகாப்பாக வேறிடம் அனுப்ப நேரம் இருக்கிறதா, அனுப்பினால் ஆபத்தா என்று பார்க்க வேண்டும் என்றானது. பொய் வலி என்று சான்றெழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டும் இருந்தது. 2006இல் பேறுகாலச் செவிலியர் உள்ளிட்ட தகுதி பெற்ற மற்றவர்களுக்கும் வந்தது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் பேனா ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியதே தவிர, வலிக்கிறவளின் பக்கம் ஓர் அங்குலமும் நகரவில்லை. ‘தகுந்த நேரம்’ என்பது எவ்வளவு நேரம் என்றும் விதி சொல்வதில்லை.

இங்கே தமிழைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ‘பொய் வலி’ என்பது நம் ஊர் மருத்துவமனைகளிலும் புழங்கும் சொல். ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்தது. வலி எப்படிப் பொய்யாகும்? வலி இருக்கிறது, அது பிள்ளையை வெளியே தள்ளுகிற வலி இல்லை, அவ்வளவுதான். ஆனால் ‘பொய்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அந்தச் சொல் வலியோடு நிற்பதில்லை, வலியைச் சொன்னவள் மேல் ஏறிக்கொள்கிறது. “பொய் வலிக்கெல்லாம் ஓடி வந்துடுறீங்க” என்று லேபர் வார்டில் ஒரு குரல் கேட்கும். கேட்டவள் அடுத்த முறை வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், திட்டு விழுமே என்று.

நம் பாட்டிமார்களிடம் இதற்கு வேறு சொல் இருந்தது: சூட்டு வலி. சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார்கள். சூட்டு வலியாக இருந்தால் அடங்கும், பிரசவ வலியாக இருந்தால் கூடும் என்பார்கள். சீரகத் தண்ணீருக்கு நான் மருத்துவச் சான்று கொடுக்கவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் சொல்லில் பெண்ணின் மேல் சந்தேகம் இல்லை. வலியை ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு காரணத்தைச் சொல்லி, ‘பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம், கூடுகிறதா, அடங்குகிறதா’ என்று காத்திருக்கிறது. சோதனையின் விடையைச் சொல்ல வேண்டியவளும் அவள்தான். அமெரிக்க விதி ‘தகுந்த நேரம் கவனித்து’ என்று எழுதி நிரப்ப முயன்ற இடத்தில் ஒரு கிழவி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

உடனே நியாயமான ஒரு கேள்வி வரும்: வலி என்று வந்த எல்லோரையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டுமா? இல்லை. இந்த இடத்தில் பெண்ணியவாதிகளான நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆரம்பக் கட்ட வலி பல மணி நேரம், சிலருக்கு நாள் கணக்கில் நீளும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவத்தின் தீவிரக் கட்டம் என்கிறது. சீக்கிரமே படுக்கையில் போட்டால் ஊசி, டிரிப்ஸ், கடைசியில் கத்தி என்று போகிற ஆபத்து இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சை. ஆகவே “வீட்டுக்குப் போய் நடமாடிவிட்டு வாம்மா” என்பது பல நேரம் அக்கறையான, சரியான ஆலோசனை. அதே வழிகாட்டுதல், தீவிரக் கட்டம் வரும்வரை சேர்க்காமல் இருப்பதை ஒரு பொதுக் கொள்கையாக வைத்துக்கொள்ளும்படி சொல்லவில்லை. முறையான ஆய்வுகளின் பகுதியாக மட்டும் அதைச் செய்யலாம் என்கிறது. அனுப்புவதும் வைத்துக்கொள்வதும் இரண்டுமே பெண்ணுக்கு நல்லதாகவும் கெட்டதாகவும் முடியலாம். முடிவெடுக்கும்போது என்னென்ன கேட்கப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் தங்கையை ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து இரவு பதினொரு மணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். “ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, காலைல பாத்துக்கலாம்.” கையில் கொடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பி.பி. எழுதியிருக்கிறது, குழந்தையின் இதயத் துடிப்பு எழுதியிருக்கிறது, கடைசி வரி ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.’ தேவைப்பட்டால் மீண்டும் வரவும் என்று பொருள். வீடு பதினாறு கிலோமீட்டர். எங்களிடம் வண்டி இல்லை. அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்குப் பேருந்தும் இல்லை. மருத்துவ ரீதியாக அந்தச் சீட்டில் ஒரு எழுத்தும் தவறில்லை. எப்படிப் போவீர்கள், மறுபடி வலி வந்தால் எதில் வருவீர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. “அக்கா, எனக்குப் போக வேண்டாம்னு தோணுதுக்கா” என்று அவள் என்னிடம் சொன்னாள். சீட்டில் அதற்கு இடமில்லை. விடிகாலை மூன்று மணிக்குத் தெரிந்தவர் ஆட்டோவில் திரும்பி வந்தோம், நாலே காலுக்குக் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அதனால் இதை யாரும் சம்பவம் என்று சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவில் 2025 நவம்பரில் இந்தியானா மாநிலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணை வலியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்; சில நிமிடங்களில் வண்டியிலேயே குழந்தை பிறந்தது. சட்டம் வந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் ராபின் கெல்லி ஒரு மசோதாவை முன்வைத்தார்: வலியோடு வந்தவரை அனுப்புவதற்கு முன் மருத்துவமனை பாதுகாப்பான டிஸ்சார்ஜ் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். வரவேற்க வேண்டிய யோசனைதான். ஆனால் திட்டம் என்பதும் ஒரு காகிதம். தூரம் எவ்வளவு, வாகனம் என்ன என்று கேட்டு எழுதுகிற காகிதமாக இருந்தால் என் தங்கையின் சீட்டைவிட மேலானது. அதில் இன்னொரு கேள்வியும் வேண்டும்: போகலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்களா? பதில் ‘இல்லை’ என்றால் இன்னொருவர் வந்து பரிசோதிக்க வேண்டும். இதைக் கேட்க பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். அவசர சிகிச்சை மறுப்பது வாழ்வுரிமையை மறுப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் சொல்லிவிட்டது. தில்லியில், ஜங்புரா மாநகராட்சி மகப்பேறு இல்லத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் வாழ்ந்த ஒரு பெண், கவனிப்புக் கிடைக்காமல் 2009 மே மாதம் அதே மரத்தடியில் பிள்ளை பெற்றார். அந்த வழக்கையும், ஏழை என்று காட்டக் காகிதம் இல்லாததால் மருத்துவமனைகளில் அலைக்கழிக்கப்பட்டு, பின்னால் அடுத்த பிரசவத்தில் வீட்டிலேயே இறந்துபோன இன்னொரு பெண்ணின் வழக்கையும் சேர்த்து நீதிபதி எஸ். முரளிதர் 2010 ஜூன் 4 அன்று தீர்ப்பளித்தார். பேறுகாலச் சேவை சலுகை அல்ல, உரிமை என்ற தளத்தில் நின்று எழுதப்பட்ட தீர்ப்பு. மாணவிகள் தேடிப் படிக்க வேண்டியது. ஆனால் வலி வந்தவளின் வலியை முதலில் மெய் என்று எடுத்துக்கொள் என்ற அந்த அமெரிக்க வாக்கியம் போல ஒன்றை, அதன் எல்லாக் குறைகளோடும்கூட, நம் வார்டுகளில் யாரும் மாட்டி வைத்து நான் பார்த்ததில்லை.

நம் விதிகள் பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகான டிஸ்சார்ஜைப் பற்றியே பேசுகின்றன, அதுவும் மணிக்கணக்கில். உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரமாவது தங்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் 2011 திட்டம், 48 மணி நேரம் தங்கிய பிறகு வீட்டில் கொண்டுபோய் விட இலவச வாகனம் தருகிறது. சுகப் பிரசவத்துக்கு மூன்று நாள், அறுவை சிகிச்சைக்கு ஏழு நாள் இலவச உணவு. ஏழைப் பெண்களுக்கு இவை பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் 1996 சட்டம், காப்பீட்டு நிறுவனங்கள் சுகப் பிரசவத்துக்கு 48 மணி நேரத்துக்கும் அறுவை சிகிச்சைக்கு 96 மணி நேரத்துக்கும் முன்னால் செலவை நிறுத்தக் கூடாது என்றது. அதற்கு முன்பே அனுப்புவதானால் மருத்துவர் தாயைக் கலந்து பேசி முடிவெடுக்கலாம் என்றும் சொன்னது. நான் பார்த்தவரை இந்த விதிகளில் தாய் ‘கலந்து பேச வேண்டியவர்’ ஆக வருவது இந்த ஓர் இடத்தில்தான். அதுவும் அவரைச் சீக்கிரம் அனுப்புகிற இடத்தில்.

48 மணி நேரம் கழித்து வண்டி எந்த வாசலில் இறக்கிவிடுகிறது என்பது எந்த அட்டையிலும் இல்லை. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறவளைப் பார்த்துக்கொள்ள அம்மா இருப்பாள். இரண்டாவது பிரசவத்துக்குக் கணவன் வீட்டில் இறங்குகிறவள் மூன்றாம் நாளே தண்ணீர்க் குடம் தூக்கினால், இரத்தப்போக்கு கூடினால், அது டிஸ்சார்ஜ் சீட்டின் கணக்கில் சேராது. அபாய அறிகுறிகளை விளக்கியாயிற்று என்று டிக் போட்டிருக்கும். யாரிடம் விளக்கினார்கள்? பெரும்பாலும் பில் கட்டப் போன கணவனிடம், அல்லது பையைக் கட்டிக்கொண்டிருந்த மாமியாரிடம்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் நோயாளர் உரிமைகளுக்கு ஒரு சாசனம் முன்வைத்தது. பதினேழு உரிமைகள். அவற்றில் ஒன்று, டிஸ்சார்ஜ் பெற்றுக்கொண்டு போகிற உரிமை. பில் பாக்கிக்காக ஆளைப் பிடித்து வைக்கும் மருத்துவமனைகளுக்கு எதிராக எழுதப்பட்டது, மிகவும் தேவையானது. அனுப்பாதே என்று சொல்லும் உரிமை அந்தப் பதினேழில் தனியாக இல்லை. இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை இருக்கிறது. இப்போதைக்கு அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் கையில் இருக்கிறது: கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002 முதல் மருத்துவர்களுக்கான நடத்தை விதி. எத்தனை மணிக்கு வந்தோம், யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்பதை அங்கேயே எழுதித் தரச் சொல்லலாம். எழுதத் தயங்குகிறவர் அனுப்பவும் கொஞ்சம் தயங்குவார்.

மருத்துவரின் ஆலோசனையை மீறி ஒரு பெண் கிளம்ப நினைத்தால் உடனே ஒரு படிவம் வரும். என் சொந்தப் பொறுப்பில் போகிறேன், என்ன நேர்ந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல என்ற பொருளில் எழுதியிருக்கும். அவள் கையெழுத்து, அவளோடு வந்தவர் கையெழுத்து, நேரம், தேதி எல்லாவற்றுக்கும் கோடு போட்டிருப்பார்கள். எழுதத் தெரியாவிட்டால் கட்டை விரல் வைக்க மைப்பெட்டி நீட்டுவார்கள். அமெரிக்கச் சட்டத்திலும் அப்படித்தான், சிகிச்சை வேண்டாம் என்கிறவரிடம் எழுதி வாங்க மருத்துவமனை முயல வேண்டும். போக மாட்டேன் என்றவளை அனுப்பும்போது நீட்ட ஒரு படிவம், அவள் மறுத்தாள் என்று எழுத ஒரு கோடு, இரண்டு நாட்டிலும் யாரும் அச்சடிக்கவில்லை.